தாதியர் வகுப்பில் கதைக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் தாதியர் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். வாரத்தில் ஒரு வகுப்பு கதைக்கு. நோயாளியின் நிலையை உணரவும், உணர்ந்ததோடு நிற்காமல் ஏதாவது செய்யவும் அவர்களைப் பழக்குவதற்கான வகுப்பு அது. பெற்றோர், சக பயிற்றுநர்கள், மாணவர்கள் எல்லோரும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊசி போடவும் டிரெஸ்ஸிங் செய்யவும் கற்க வந்த பிள்ளைகளுக்குக் கதை எதற்கு?

ஊசியும் டிரெஸ்ஸிங்கும் தவறினால் உயிருக்கே ஆபத்து. அவைதான் முதலில், சந்தேகமே வேண்டாம். ஆனால் காலை ஏழு மணிக்கு வார்டில் நடக்கும் பாஸ்ஓவரைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். "பெட் 12, எழுபது வயது, நீரிழிவு, வலது காலில் புண், சாப்பாடு மறுக்கிறார்." அடுத்தது பெட் 13. இந்தச் சுருக்கம் இல்லாமல் ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் வார்டை ஒப்படைக்கவே முடியாது. இருந்தாலும் "சாப்பாடு மறுக்கிறார்" என்றால் என்ன அர்த்தம்? பல்செட் வீட்டில் கிடக்கிறதா? பூபோர் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லையா? சைவமா? இன்று அவர் விரத நாளா? இனிமேல் பிழைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் தாதி செய்ய வேண்டியது வேறு. ஏன் என்று கேட்காத தாதி எல்லாவற்றுக்கும் ஒரே வரியைத்தான் எழுதுவார்.

ஏன் என்று கேட்கும் பழக்கம் கதை கேட்பவர்களுக்குத் தானாக வரும். "அப்புறம் என்ன ஆச்சு, அவர் ஏன் அப்படிச் செய்தார்" என்று கேட்காமல் யாராலும் கதை கேட்க முடியாது. அந்தப் பழக்கத்தை வார்டுக்கு அழைத்துப் போவதுதான் என் வகுப்பின் நோக்கம்.

இது நீங்களாகக் கண்டுபிடித்த முறையா?

இல்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா சாரோன் ஒரு மருத்துவர். ஆங்கில இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்றவர். நோயாளி சொல்வதைக் கதையாகக் கேட்டு, அதை உள்வாங்கி, அதற்கேற்ப நடக்கும் திறமை மருத்துவத்துக்கு அடிப்படைத் தேவை என்று 2001ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். கதைவழி மருத்துவம் என்ற துறை அங்கிருந்துதான் பரவியது. தாதிமைத் துறையிலும் இந்த எண்ணம் புதிதல்ல. தாதியும் நோயாளியும் மனிதருக்கு மனிதராகப் பழகுவதே இந்தத் தொழிலின் மையம் என்று ஜாய்ஸ் ட்ராவல்பி 1966லேயே சொல்லிவிட்டார்.

பரிவு பிறவிக் குணம் இல்லையா? அதைக் கற்றுக்கொடுக்க முடியுமா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பரிவு என்பது ஒரே குணம் என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. தெரசா வைஸ்மன் 1996ல் அதை நான்காகப் பிரித்துக் காட்டினார்: அடுத்தவர் உலகத்தை அவர் பார்ப்பதுபோல் பார்ப்பது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, அவர் உணர்வைப் புரிந்துகொள்வது, புரிந்துகொண்டதை அவருக்குத் தெரியப்படுத்துவது. இந்த நான்கில் எது பிறவியில் வருகிறது? மூன்றாவதில் சிலருக்கு இயல்பாகவே கூர்மை இருக்கலாம். இரண்டாவதும் நான்காவதும் முழுக்க முழுக்கப் பயிற்சி. மனம் உருகும் பெண்ணாக இருப்பாள். ஆனால் நோயாளி முன்னால் வாய் திறக்காமல் பி.பி. மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுவாள். அவள் உருகியது அந்த நோயாளிக்குத் தெரியவே தெரியாது.

இருக்கும் பரிவு குறையவும் கூடும். அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் முகம்மத்ரேசா ஹோஜாட் குழுவினர் மாணவர்களை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்து 2009ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயாளிகளோடு அதிகமாகப் பழகத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில்தான் பரிவின் அளவு சரிந்திருந்தது. அவர்கள் மருத்துவ மாணவர்கள் என்பது உண்மைதான். ஆனால் களைப்பும் பயமும் வேலைப்பளுவும் தாதியர் மாணவர்களுக்கு மட்டும் குறைவா? போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, தொடங்கிய பிறகும் கதை வகுப்பை விடாமல் நடத்துவதற்கு அதுவே காரணம்.

எப்படிப்பட்ட கதை சொல்கிறீர்கள்? ஒன்று சொல்லுங்களேன்.

பல வார்டுகளில் கேட்டதையும் பார்த்ததையும் கலந்து நானே உருவாக்கிய கதை இது. பார்வதி என்று ஒருவர் இல்லை.

பார்வதிக்கு ஐம்பத்தெட்டு வயது, ஊர் நிபோங் திபால். பித்தப்பையில் கல், மறுநாள் காலை அறுவை சிகிச்சை. இரவுப் பணியில் இருக்கும் மாணவி சரிபார்ப்புப் பட்டியலோடு வருகிறாள். "ஆன்ட்டி, தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழட்டிடுங்க." எல்லாம் ஒரு கைக்குட்டைக்குள் முடிச்சாகிறது. தாலி என்றதும் பார்வதி உடுப்பின் கழுத்தை இழுத்து மூடிக்கொள்கிறார். "இது மட்டும் முடியாதும்மா." மாணவி பொறுமையாகவே விளக்குகிறாள்: ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி வைப்பார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடக்கூடும். பார்வதி தலையாட்டுகிறார், கையை மட்டும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். மாணவி எழுதுகிறாள்: "நகையைக் கழற்ற மறுத்தார்."

இங்கே நிறுத்திவிடுவேன். வகுப்பில் பேச்சு கிளம்பும். மூடநம்பிக்கை என்று ஒருவர், திருடு போய்விடும் என்ற பயம் என்று இன்னொருவர், எங்கள் அம்மாவும் இப்படித்தான் என்று மற்றொருவர். எல்லோரும் பேசிய பிறகுதான் மீதிக் கதை.

பத்தரை மணிக்கு மாணவி மறுபடியும் போகிறாள், பட்டியல் இல்லாமல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஆன்ட்டி, இதுக்கு முன்னால எப்பவாவது கழட்டியிருக்கீங்களா?" என்று கேட்கிறாள். ஒரு தடவை, என்கிறார் பார்வதி. பிறையில் கணவர் வேலை செய்த தொழிற்சாலையில் சம்பளம் வராமல் நின்றபோது தாலியை அடகுக் கடையில் வைத்தார். அந்த வாரமே கணவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. இன்றுவரை கைத்தடிதான். "நான் கழட்டுனதாலதான்னு மாமியார் சாகிற வரைக்கும் சொன்னாங்க." தனக்கு என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இல்லை, வீட்டில் தனியாக இருக்கும் கணவருக்கு என்ன ஆகிவிடுமோ என்ற பயம். மாணவி ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்கிறாள், அவர் வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் கேட்கிறார். காலையில் பார்வையாளர் நேரத்துக்கு முன்பே கணவரை உள்ளே விட அனுமதி கிடைக்கிறது. அவரே வந்து, தன் கையாலேயே கழற்றி, சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்திக்கொள்கிறார். பார்வதி ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போகிறார்.

அந்தக் கதையில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

முதல் தடவை மாணவி செய்ததில் விதிமுறைப்படி எந்தத் தவறும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னாள், எழுத வேண்டியதை எழுதினாள். இரண்டாம் தடவை அவள் கேட்ட கேள்வியைப் பாருங்கள். "ஏன் கழட்ட மாட்டேங்கிறீங்க" என்று கேட்டிருந்தால் அது குற்றச்சாட்டு மாதிரி கேட்டிருக்கும். "எப்பவாவது கழட்டியிருக்கீங்களா" என்பது ஒரு கதைக்குக் கதவைத் திறக்கிற கேள்வி. இப்படிப்பட்ட கேள்விகளை மாணவர்களே உருவாக்கப் பழக வேண்டும். "வீட்டுல யார் சமைக்கிறாங்க?", "ராத்திரி தூக்கம் வராதப்போ என்ன நினைச்சிக்கிட்டிருப்பீங்க?", "டாக்டர் சொன்னதுல எது உங்களுக்குப் பயமா இருந்துச்சு?" என்று வகுப்பில் எழுதி, சத்தமாகச் சொல்லிப் பார்த்து, உறுத்தலாக இருந்தால் மாற்றுவோம்.

இன்னொன்றும் உண்டு. அவள் தனியாக முடிவெடுக்கவில்லை. மேலே சொன்னாள், அனுமதி கேட்டாள். அறுவை அரங்கின் பாதுகாப்பு விதியும் மீறப்படவில்லை, உலோகம் உள்ளே போகவில்லை. பரிவு என்ற பெயரில் விதியை வளைக்கும் கதைகளை நான் வகுப்பில் சொல்வதில்லை.

கதை முடிந்த பிறகு வகுப்பில் என்ன நடக்கும்?

வட்டமாக உட்காருவோம், கைப்பேசிகள் பைக்குள் போய்விடும். "உங்களுக்கு எப்படி இருந்தது" என்று நான் முதலில் கேட்பதில்லை. "என்ன கவனித்தீர்கள்" என்றுதான் கேட்பேன். கைக்குட்டை, கழுத்தை மூடிய கை, சுவர்ப் பக்கம் திரும்பியது. கவனித்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் உணர்வு தானாகப் பின்னால் வரும். நேராக உணர்வைக் கேட்டால் "பாவமா இருந்துச்சு டீச்சர்" என்ற ஒற்றை வரியில் வகுப்பு முடிந்துவிடும்.

அடுத்து ஐந்து நிமிடம் எழுத்து. பார்வதியாக இருந்து "நான்" என்று எழுத வேண்டும். சில வாரங்களில் கணவராக, சில வாரங்களில் அந்த மாமியாராகக்கூட. மாமியாராக எழுதும்போதுதான் வகுப்பு உண்மையிலேயே கஷ்டப்படும். பிடிக்காத மனிதரின் கண்ணால் பார்ப்பது லேசான வேலையா? ஆனால் வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் நமக்குப் பிடித்தவர்களாக இருக்கப்போவதில்லை. கத்துகிறவர், குடித்துவிட்டு வந்தவர், மிஸ்ஸியை, அதாவது தாதியை, திட்டுகிறவர் எல்லோருக்கும் அதே கவனிப்பு போய்ச்சேர வேண்டும்.

கடைசியில் ஒரே கேள்வி: இந்த வாரம் போஸ்டிங்கில் யாரிடம் என்ன கேட்கப்போகிறீர்கள்? அடுத்த வாரம் அதன் பதிலோடு வர வேண்டும்.

எல்லாக் கதையும் நல்லபடியாக முடிகிறதே?

முடியக் கூடாது. ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாணவர்கள் நம்பிவிட்டால், முதல் தோல்வியிலேயே மனம் விட்டுவிடுவார்கள். அதனால் தீர்வு கிடைக்காத கதைகளையும் சொல்கிறேன். தாதி உட்கார்ந்து கேட்கிறார், நோயாளி வாயே திறக்கவில்லை, மறுநாள் இறந்துவிடுகிறார். அந்தக் கதையில் தாதி செய்தது வீணா என்று விவாதிப்போம்.

தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தைச் சோதிக்கும் கதைகளும் தேவை. நம் நாட்டில் நீரிழிவு அதற்கு நல்ல உதாரணம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். காலில் புண்ணோடு வரும் ஒருவரைப் பார்த்ததும் "இனிப்பைக் குறைக்கச் சொன்னோம், கேட்கவில்லை" என்று மனசுக்குள் ஓடும். அவரே இரவுக் காவல் வேலை செய்பவர், நள்ளிரவில் திறந்திருப்பது ரொட்டி சானாய்க் கடை மட்டும், கிளினிக் நாளில் விடுப்பு எடுத்தால் சம்பளம் வெட்டு என்று தெரிந்தால்? சர்க்கரை அளவு மாறாது. நாம் கொடுக்கும் அறிவுரை மாறும்.

வகுப்பில் யாராவது அழுதுவிட்டால்?

அழலாம். வெளியே போகலாம், திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்தவர்களுக்கு அந்த வாரக் கதை எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொந்தக் கதையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தேவைப்பட்டால் கல்லூரி ஆலோசகரிடம் அழைத்துப் போவேன். நானே வைத்தியம் பார்க்க மாட்டேன்.

எல்லார் வலியையும் சுமந்தால் பிள்ளைகள் சோர்ந்துபோய்விட மாட்டார்களா?

பெற்றோர் கவலையோடு கேட்பது இது. கவலை நியாயமானது. ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் குழுவினர் 2014ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் எனக்கு வழிகாட்டி. பிறர் துன்பத்தைத் தானும் உணரும் பயிற்சியை மட்டும் பெற்றபோது, துன்பக் காட்சிகளைப் பார்த்தவர்களின் மனவருத்தம் கூடியது. அதே ஆட்களுக்குப் பின்னர் கருணைப் பயிற்சி கொடுத்தபோது, அதாவது துன்பப்படுபவர் நலம் பெற வேண்டும் என்று மனதார விரும்பப் பழகியபோது, அந்த வருத்தம் தணிந்து நல்ல உணர்வுகள் கூடின. வலியை உள்ளே இழுத்துக்கொள்வதோடு நின்றால் அது நம்மைத் தின்னும். அதனால் ஒவ்வொரு கதையும் "சரி, நீ என்ன செய்வாய்" என்ற இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். தலையணையைச் சரிசெய்வதும் செய்கைதான்.

அனுபவமுள்ள தாதியருக்கும் இது தேவைப்படுகிறது. பாஸ்டன் நகர வழக்கறிஞர் கென்னத் ஸ்வார்ட்ஸ் நுரையீரல் புற்றுநோயால் 1995ல் இறந்தார். தன்னைக் கவனித்தவர்களின் சின்னச் சின்ன அன்பான செயல்கள்தான் தாங்க முடியாததைத் தாங்க வைத்தன என்று இறப்பதற்கு முன் செய்தித்தாளில் எழுதினார். அவர் பெயரால் தொடங்கிய கூட்டங்கள் இப்போது அமெரிக்க, பிரிட்டன் மருத்துவமனைகளில் நடக்கின்றன. மருத்துவர், தாதி, பணியாளர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, வேலையில் மனதைப் பாதித்த சம்பவங்களைச் சொல்கிறார்கள். யாரும் தீர்வு சொல்ல வருவதில்லை, கேட்க மட்டும் வருகிறார்கள். நம் மருத்துவமனைகளிலும் இது பரவலாக வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

வகுப்பு எந்த மொழியில்?

பாடம் ஆங்கிலத்திலும் மலாயிலும். ஐந்து நிமிட எழுத்து மட்டும் எந்த மொழியிலும் இருக்கலாம். தமிழ், மலாய், ஹொக்கியன், எல்லாம் கலந்த பினாங்குப் பேச்சு என்று எது வந்தாலும் சரி. சொந்த மொழியில் எழுதும்போது பிள்ளைகள் ஒளித்துவைத்து எழுதுவதில்லை.

தமிழ் தெரிந்த மாணவர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. "தமிழ் தெரிஞ்ச மிஸ்ஸி இருக்காங்களா" என்று அடுத்த வார்டிலிருந்து கூப்பிடுவார்கள். அங்கே ஒரு தாத்தா இரண்டு நிமிடம் பேசுவார்: வலி எப்போது வரும், மகன் ஏன் வரவில்லை, ஆப்பரேஷன் வேண்டாம் என்று ஏன் நினைக்கிறார் என்று. மாணவர் திரும்பி மருத்துவரிடம் "டாக் மாவ்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். வேண்டாமாம். அவ்வளவுதான். இதற்கென்றே வகுப்பில் பயிற்சி செய்கிறோம்: ஒருவர் தமிழில் சொல்ல, இன்னொருவர் எதையும் விடாமல் மலாயில் சொல்ல, மூன்றாமவர் விடுபட்டதைக் குறிக்க வேண்டும். மகனைப் பற்றிய வரிதான் பெரும்பாலும் விடுபடும். அந்த வரியில்தான் வேண்டாம் என்பதற்கான காரணம் இருந்திருக்கும்.

நிஜ நோயாளியின் கதையை வகுப்பில் சொல்லலாமா?

அவருக்குத் தெரியாமல் சொல்லவே கூடாது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தாமான் (குடியிருப்பு) பெயர், வயது, நோய், வேலை நான்கும் சேர்ந்தால் பினாங்கு மாதிரி சின்ன ஊரில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதுவும் நம் சமூகத்துக்குள். நாட்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல்நலத் தகவலை மிகக் கவனமாகக் கையாள வேண்டிய தரவாக வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அதனால் அரசு மருத்துவமனையில் பேசலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ரகசியம் காப்பது தாதியின் தொழில் கடமை, எங்கே வேலை செய்தாலும். வார்டில் எடுத்த படம் வாட்ஸ்அப்பிலோ டிக்டாக்கிலோ வரக் கூடாது, நோயாளியின் முகம் தெரியாவிட்டாலும்.

நோயாளியே வந்து தன் கதையைச் சொல்வது வேறு. பிரிட்டனில் பிப் ஹார்டியும் டோனி சம்னரும் 2003ல் தொடங்கிய பேஷண்ட் வாய்சஸ் திட்டத்தில், நோயாளிகளும் பராமரிப்பவர்களும் தங்கள் கதையைத் தங்கள் குரலிலேயே சிறு காணொளிகளாகச் செய்கிறார்கள். இங்கேயும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் வந்து பேசத் தயாராக இருப்பார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். பயணச் செலவைக் கொடுங்கள். பேசி முடித்ததும் அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், கூட உட்கார்ந்து ஒரு தேநீர் குடியுங்கள்.

இதற்கு மதிப்பெண் உண்டா?

கதை எழுதியதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. போட்டால் எனக்குப் பிடித்த மாதிரி உருக்கமாக எழுதத் தொடங்கிவிடுவார்கள். வார்டில் நோயாளியோடு பேசும் விதத்தை மட்டும் மதிப்பிடுகிறேன்: பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, உட்கார்ந்து பேசினாரா, நோயாளி சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாரா? ஹோஜாட் குழுவின் இருபது கேள்வி கொண்ட அளவுகோலைப் பல கல்லூரிகள் பயன்படுத்துகின்றன. வகுப்பின் போக்கைப் பார்க்க அது உதவும். ஆனால் மாணவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைத்தான் அது அளக்கிறது.

ஷிப்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

டிரிப் மாற்றும்போதும் புண் கட்டும்போதும் எப்படியும் கட்டிலருகே நிற்கத்தானே வேண்டும்? அந்த நேரத்தில் ஒரு கேள்வி போதும். பாஸ்ஓவரில் ஒரு வரி கூடச் சேர்த்தால் போதும்: "சாப்பாடு மறுக்கிறார், பல்செட் வீட்டில் இருக்கிறது, மகள் மாலையில் கொண்டுவருவார்."

பெற்றோர் வீட்டிலிருந்து உதவ முடியுமா?

முடியும், நன்றாகவே முடியும். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேரப்பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே மருத்துவ உதவியாளராக இருந்த டிரஸ்ஸர் எப்படிப் பேசுவார், யாரை முதலில் பார்ப்பார், வரிசையில் நின்றபோது அவர்களுக்கு எப்படி இருந்தது? மரியாதை கிடைத்த கதையும் வரும், கிடைக்காத கதையும் வரும். இரண்டையும் சொல்லட்டும். பிள்ளை வீட்டுக்கு வந்து வார்டைப் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேளுங்கள். நோயாளியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

என் கல்லூரியில் ஆதரவு இல்லை. தனியாகத் தொடங்கலாமா?

தொடங்கலாம். தனி வகுப்பு கிடைக்காவிட்டால், போஸ்டிங் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவரும் அன்று கோப்பில் எழுதிய ஒரு "மறுத்தார்" அல்லது "ஒத்துழைக்கவில்லை" வரியைச் சொல்லட்டும், பெயரும் பெட் எண்ணும் இல்லாமல். நாளை அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை மற்றவர்கள் சேர்ந்து யோசிக்கட்டும். மறுநாள் பதிலைக் கேட்க மறந்துவிடாதீர்கள். நீங்கள் கேட்கவில்லை என்றால் மாணவர்களும் நோயாளியிடம் கேட்க மாட்டார்கள்.